முதல் பாடு

எங்கள் குப்பத்தில் பாடு என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம். உடம்பு நோக உழைப்பது பாடு. வலையில் கிடைப்பதும் பாடு. கட்டுமரம் கரையேறியதும், "இன்னிக்கி பாடு இன்னா?" என்றுதான் பெண்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். மூன்றாவது, அடையாறு கடலில் விழுகிற இடத்தில் கழி நட்டு இறாலுக்கு வலை கட்டுகிற இடம். அப்படி மூன்றே மூன்று இடங்கள்தான் உண்டு. முதல் பாடு ஆறு குறுகுகிற கழுத்தில் இருக்கிறது. எந்த இறாலும் அந்தக் கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும். இரண்டாம் பாடு நடுத்திட்டின் ஓரம். மூன்றாம் பாடு பாலத்துப் பக்கம். அங்கே இறாலைவிட நண்டும் சேறும்தான் அதிகம்.

ஐந்தாவது படிக்கும்போது டீச்சரிடம் இதைக் கேட்டேன். படுகிற கஷ்டத்துக்கும் கிடைக்கிற மீனுக்கும் எப்படி ஒரே பெயர் வைத்தார்கள் என்று. "அது வேற, இது வேற. பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றார் டீச்சர். வகுப்பில் நான் கேட்ட ஒரே கேள்வி அது. அந்த வருஷமே நான் பெரியவளானேன். பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கேள்வி நிற்கவில்லை.

அதற்குக் காரணம் மண்ணாங்கட்டி மாமா. என் அம்மா அங்காளம்மாளின் அண்ணன். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இதாவது நிலைக்கட்டும் என்று அப்படி ஒரு பெயர் வைத்தார்கள். நிலைத்தது மட்டும் இல்லை, குப்பத்திலேயே ஓடு போட்ட வீடு அவருடையதுதான். இரண்டு கட்டுமரம், காதில் கடுக்கன். பக்கிரி என்கிற என் நைனா அதே மாமாவிடம் கூலி ஆள். இருவருக்கும் ஒரே வயசு. ஒரே தண்ணீரில், ஒரே வலையில், வலையின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். எங்கள் கூரையில் மட்டும் கார்த்திகை மாதம் நட்சத்திரம் தெரியும்.

இது எப்படி என்று நான் ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தேன். நேராகக் கேட்க எனக்கு வராது. இறால் உரிக்கும்போது, வலை உலர்த்தும்போது, பேச்சோடு பேச்சாகத்தான் கேட்பேன்.

மாமா சொன்னது: "பாடுபட்டேன், தேவானை. வேற இன்னா? ராத்தூக்கம் இல்லாம பாடுபட்டேன்."

அம்மா சொன்னது: "எங்க அப்பன் வூட்டு பாத்யம் அது. எனக்கும் அதே அப்பன்தான். பொட்டச்சி பேருல பானையில குண்டு போட மாட்டாங்க."

நைனா வலை ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மன் குடுத்துச்சு. வாங்கிக்கினான்" என்றார்.

மீர்சாகிப்பேட்டையில் ஹமீதுன்னிசா பீவி என்று எங்களுக்கு வாடிக்கைக்காரர் ஒருவர் இருக்கிறார். பெரிய இறால் விழுந்தால் நானும் அம்மாவும் அவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோவோம். மயிலாப்பூர்க் குளத்தெரு வந்ததும் கூடையை ஈரத்துணியால் மூடிக்கொண்டு ஓரமாக நடப்போம். அன்று அவர் கூடத்தில் தொங்கிய கண்ணாடி விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா பாக்குறே? இது எப்படி வந்துச்சுன்னா?" என்று அவரே கேட்டார். "நவாபுக்கு வெயில் பட்டுச்சு. எங்க வூட்டுக்காரரோட பாட்டனார் பக்கத்துல குடையோட நின்னார். வூடு வந்துச்சு. விளக்கு வந்துச்சு."

அம்மா தராசைப் பிடித்துக்கொண்டே, "குடை புடிக்கிறதும் கை நோவுற வேலைதானேம்மா" என்றாள்.

"நோவும், நோவும். ஆனா அன்னிக்கி தெருவிலே குடை வச்சிருந்தவங்க நூறு பேர் இருந்திருப்பாங்க. நவாப் ஒருத்தர்தான். நல்லா அழுத்திப் போடு அங்காளம்மா, தராசு உன் பக்கம் சாயுது."

பானை விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் ஆற்று வாய் திறந்துகொண்டதும், யாருக்கு எந்தப் பாடு என்று அம்மன் கோயில் வாசலில் குண்டு எடுத்துப் பார்ப்பார்கள். குப்பத்தில் பத்துத் தலைக்கட்டு. அதாவது ஆதியிலிருந்தே உரிமை உள்ள பத்துக் குடும்பம். ஒவ்வொரு குடும்பமும் தன் வலைக்குண்டு ஒன்றை அடையாளத்தோடு பானைக்குள் போடும். வலையின் அடி தண்ணீருக்குள் அமிழக் கட்டுவோமே, அந்தக் கொட்டைப்பாக்கு அளவுக் குண்டு. ஊர்த்தலைவரான நாட்டார் பானையை இடுப்பில் வைத்து மூன்று சுற்றுக் குலுக்குவார். வாய் சிறுத்த பானை, குழந்தையின் கைதான் போகும். வயசுக்கு வராத ஒரு பெண்ணின் கண்ணைக் கட்டி எடுக்கச் சொல்வார்கள். முதலில் வருகிற குண்டுக்கு முதல் பாடு, அடுத்ததற்கு இரண்டாவது, அதற்கடுத்ததற்கு மூன்றாவது. மற்ற ஏழு குடும்பங்கள் கடலுக்குப் போக வேண்டியதுதான், அல்லது பாடு கிடைத்தவரிடம் ஆளாக இருக்க வேண்டியதுதான்.

என் எட்டாம் வயதிலும் ஒன்பதிலும் பத்திலும் குண்டு எடுத்தது நான். மூன்று வருஷமும் முதலில் வந்தது மண்ணாங்கட்டி மாமாவின் குண்டு.

அந்த மூன்று வருஷத்தில்தான் ஓட்டு வீடும் கட்டுமரமும் வந்தன. அப்புறம் வேறு குழந்தைகள் எடுத்தார்கள். மாமாவுக்கு மூன்றாம் பாடு வந்ததும் உண்டு, ஒன்றுமே வராமல் போனதும் உண்டு. அதற்குள் அவருக்குப் பானையின் தயவு தேவைப்படாமல் போயிருந்தது.

நைனா திருவான்மியூர்ப் பக்கத்து ஆள். கல்யாணம் செய்துகொண்டு இங்கே தங்கியவர். பதினேழு வருஷமாகியும் குப்பத்தில் சிலர் அவரை 'வந்தவன்' என்றுதான் சொல்வார்கள். வந்தவனுக்குப் பானையில் குண்டு கிடையாது. வருஷா வருஷம் நாட்டாரிடம் கேட்பார். வருஷா வருஷம் நாட்டார் வெற்றிலையை மென்றுகொண்டே, "பார்க்கலாம்" என்பார்.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டு, வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. ஏரியை நம்பியிருந்த மீன்காரர்கள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டார்கள் என்ற பேச்சு எங்கள் கரைக்கும் வந்தது. நைனா நாட்டாரிடம் போய், "இந்த தபாவும் இல்லேன்னா நானும் ராயபுரத்துக்குப் போறேன். ஆர்பர்ல மூட்டை தூக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு நல்ல ஆள் போய்விடுவான் என்று பயந்தோ என்னவோ, பஞ்சாயத்து கூடிப் பேசியது.

"சரி, பக்கிரி" என்றார் நாட்டார். "ஒரே ஒரு தபா குண்டு போடு. அம்மன் குடுத்தா நீயும் தலைக்கட்டு. குடுக்கலேன்னா குண்டை எடுத்துக்கினு போயிடணும். அப்பால இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

நைனா ஒத்துக்கொண்டு வந்தார். அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. "ஒரு தபாவுல போச்சின்னா? கேக்காம இருந்தா கேக்கலாம்னாவது இருந்திருக்கும்" என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நைனா ஆற்றுக் களிமண்ணில் ஒரு குண்டு பிடித்து, அம்மாவின் அடுப்புச் சாம்பலுக்குள் வைத்துச் சுட்டார். அடையாளத்துக்கு ஒரு மீன் முள்ளால் பிறை போலக் கீறச் சொல்லி என் கையில் கொடுத்தார். கீறி முடித்ததும், பழைய ஞாபகத்தில், கண்ணை மூடிக்கொண்டு குண்டை விரல்களுக்குள் உருட்டிப் பார்த்தேன்.

சொரசொரவென்று இருந்தது. லேசாக இருந்தது.

நான் அந்த மூன்று வருஷம் எடுத்தது இப்படி இல்லையே என்று கை சொன்னது. கை சொன்னது என்று எழுதுவது சரியா தெரியவில்லை, ஆனால் அப்படித்தான். கண்ணைக் கட்டியிருந்ததால் அன்று கண்ணுக்கு ஞாபகம் இல்லை. கைக்கு இருந்தது. "மேலாப்புல எடுக்காத, அடிவரைக்கும் கையை வுடு" என்று அம்மா சொல்லி அனுப்புவாள். நான் அடிவரைக்கும் விடுவேன். அடியில் வழவழவென்று ஒன்று கிடக்கும். வெயிலில் காய்ந்த மற்றக் குண்டுகளுக்கு நடுவே அது மட்டும் குளிர்ந்து இருக்கும். கை அதைப் பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் மாமா வீட்டுக்குப் போய், குண்டைப் பார்க்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன். சாமி மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஈயக்குண்டு. கொள்ளுப் பாட்டன் காலத்தில் ஒரு கப்பல் தரைதட்டி உடைந்தபோது கரையில் ஒதுங்கிய ஈயத்தில் வார்த்ததாம். அதிலிருந்து அந்த வீட்டுக்கு அதுதான் குண்டு. குப்பத்தில் மற்ற எல்லோரும் போடுவது சுட்ட மண். கண்ணை மூடினேன். அதேதான்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். மறுபடி யோசித்தால், சொல்லாமல் இருப்பதும் ஏதோ செய்கிற மாதிரிதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, கரையில் நைனா தனியாகக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கனமானது குலுக்கக் குலுக்க அடிக்குப் போகிறது. குழந்தையின் கை அடிக்குப் போகிறது. அங்கே அது ஜில்லென்று இருக்கிறது.

நைனா ஊசியை நிறுத்தினார்.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல நைனா."

"உங்க மாமனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அத்தை எடுத்துக் குடுத்திருக்க மாட்டாங்க."

அடுத்த நாள் அவர் மயிலாப்பூர் போய், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடமிருந்து ஒரு பொட்டலம் காரீயம் வாங்கி வந்தார். கரண்டியில் உருக்கி மண் அச்சில் ஊற்றி, ஆறியதும் பிறை கீறினார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது திருட்டு இல்லியா?"

"உங்க அண்ணன் போட்டா பாத்யம், நான் போட்டா திருட்டா?"

அம்மா ஈயம் ஒட்டிய கரண்டியைத் தூக்கித் தனியாக வைத்தாள். அந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன், பிற்பாடு யோசிக்கலாம் என்று.

குலுக்கல் அன்று காலையில் மழை விட்டிருந்தது. கோயில் வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். குண்டு எடுக்க நாட்டாரின் தம்பி பேத்தி கோவிந்தம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். ஆறு வயசு. எடுத்து முடித்தால் வெல்லம் என்று சொல்லியிருந்ததால் அவள் கண் பானையில் இல்லை, வெல்லத்தில் இருந்தது.

ஒவ்வொருவராகப் போட்டார்கள். மண் குண்டு பானைக்குள் விழுந்தால் டொக் என்று கேட்கும். மாமாவின் குண்டு விழுந்தபோது ணங் என்றது. கடைசியாக நைனா போனார். மடியிலிருந்து எடுத்துப் போட்டார். ணங்.

ஓரத்தில் கட்டுமரத்தின்மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்த மாசிலாமணி, "இன்னாடா, இந்த வருசம் ரெண்டு மணி அடிக்குது" என்றான். மாசிலாமணி பத்துத் தலைக்கட்டில் ஒருவன். எங்கே சாய இடம் கிடைத்தாலும் சாய்ந்துவிடுவான். அவன் பேச்சை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இப்போதும் எடுக்கவில்லை. நாட்டார் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

அப்போது மாமா நைனாவின் தோளைத் தட்டினார். நல்ல மனதோடுதான் தட்டினார். "பயப்படாத மச்சான். பாடுபட்டவன அம்மன் கைவுடாது. என்னப் பாரு."

நைனா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்ப் பானையின் வாயில் கையை வைத்து மூடினார்.

"குலுக்காதீங்க நாட்டாரே."

"இன்னா பக்கிரி?"

"நான் போட்டது ஈயம்."

"அதுக்கு இன்னா? போடக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. ஈயம் போட்டா மொதல்ல வரும். அதான் போட்டேன். மச்சானுக்கு மூணு வருசம் வந்ததும் அதாலதான். எம் பொண்ணு எடுத்தா. அதுக்குத் தெரியும், கேளுங்க."

எல்லோரும் வேப்பமரத்தடியைப் பார்த்தார்கள். என் காலடி மண்ணில் ஒரு நண்டு வளை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. பாதி அவர்களுக்குக் கேட்டிருக்காது, அம்மா சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

பின்னாலிருந்து ஒரு கிழவி, "பேரு மண்ணாங்கட்டி, போட்டது ஈயக்கட்டியா" என்றாள். சிரிப்பு கிளம்பியது. மாமா சிரிக்கவில்லை.

"அம்மன் குடுத்தத்த ஈயம் குடுத்துச்சுன்றா உன் பொண்ணு" என்று நாட்டார் கோபமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் சொல்லிக்கொண்டே பானையைக் கீழே வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏ கோயிந்தம்மா, சும்மா ஒரு தபா எட்றி, பாக்கலாம்."

நைனாவின் ஈயத்தை வெளியே எடுத்துவிட்டு, மாமாவுடையதை மட்டும் மண் குண்டுகளோடு விட்டார்கள். நாட்டார் குலுக்கினார். கோவிந்தம்மா கையை விட்டாள். ஈயம் வந்தது. "இது ஒன்னும் ருசு இல்ல. இன்னொரு தபா" என்றார் ஒருவர். மறுபடி ஈயம். மூன்றாவது முறை மண். "பாத்தியா" என்று மாமா எழுந்தார். நான்காவது ஈயம், ஐந்தாவதும். அப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருவர் ஈயத்தைச் சாணியில் புரட்டிப் போட்டுப் பார்க்கச் சொன்னார், ஜில்லென்று தெரியாதாம். இன்னொருவர் குலுக்காமல் எடுக்கச் சொன்னார். குலுக்காமல் எடுத்தால் எது வேண்டுமானாலும் வந்தது. மாசிலாமணிகூட எழுந்து உட்கார்ந்துவிட்டான். கோவிந்தம்மா ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி வெல்லம் கேட்டாள். கடல் இறங்கி ஆற்று நீர் வற்றத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் குப்பத்து ஆண்கள் மீனைத் தவிர வேறொன்றை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. குலுக்கி எடுத்த பத்தில் ஏழு முறை ஈயமே வந்தது.

மாமா வேப்பமரத்தடிக்கு என்னிடம் வந்தார். அடிப்பாரோ என்று அம்மா குறுக்கே நின்றாள். அவர் மெல்லத்தான் கேட்டார்.

"அந்த மூணு வருசமும் நீதானே எடுத்தே?"

"ஆமா மாமா."

"ஏன் அத்தயே எடுத்தே?"

"ஜில்லுனு இருந்துச்சு."

"ஜில்லுனு இருந்துச்சா" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப நான் பாடுபட்டது? புயல் அன்னிக்கி எல்லாரும் வூட்டுக்குள்ள ஒண்டிக்கினு இருந்தப்ப, வலை போவாம கழியக் கட்டிப்புடிச்சிக்கினு நின்னவன் யாரு?" என்றார்.

"நீதான் மச்சான். யாரு இல்லேன்னது?" என்றார் நைனா. "இந்தப் பக்கத்துக் கழியக் கட்டிப்புடிச்சிக்கினு நின்னவன் யாரு?"

மாமா காதுக் கடுக்கனைத் திருகினார். "நீ" என்றார்.

நாட்டார் பொதுவாக ஒரு முடிவு சொன்னார். இனிமேல் யார் வீட்டுக் குண்டும் வேண்டாம். அவர் வலையிலிருந்தே பதினோரு மண் குண்டு அறுத்துக் கொடுத்தார், எல்லாம் ஒரே அச்சு. ஒவ்வொருவரும் கரியால் அடையாளம் போட்டுக்கொண்டார்கள். நைனாவுக்கு நான் பிறை போட்டேன். அவசரத்தில் பிறை கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

பானை குலுங்கியது. கோவிந்தம்மாவின் கண்ணைக் கட்டினார்கள். அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

முதலில் வந்தது மாசிலாமணியின் குண்டு. அவனே நம்பவில்லை. "என்துதானா? நல்லாப் பாரு" என்றான். இரண்டாவது நாட்டாரின் தம்பி வீட்டுக்கு. மூன்றாவது குண்டு வெளியே வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். யார் பெயரையோ சொன்னார்கள். நைனா பெயர் இல்லை. மாமா பெயரும் இல்லை.

அம்மா கையை விட்டுவிட்டாள். நைனா எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாட்டார் பானையைச் சாய்த்து, மிச்சக் குண்டுகளுக்குள் பிறை போட்டதைத் தேடி எடுத்து நீட்டினார்.

"இந்தா பக்கிரி. பேசினபடி."

நைனா கையை நீட்டினார். அப்போது மாமா, "இருங்க நாட்டாரே. அது உள்ளயே கெடக்கட்டும்" என்றார்.

"ஒரு தபாதான்னு பஞ்சாயத்துல பேசியாச்சு, மண்ணாங்கட்டி."

"பேசினீங்க. எனக்கு மூணு தபா அம்மன் குடுத்துச்சா, ஈயம் குடுத்துச்சா, எனக்கே தெரியல. அவன மட்டும் ஒரு தபா போட்டுட்டு எடுத்துக்கினு போன்னா, அது இன்னா நாயம்? அவனுக்கு ஒரு தபான்னா எனக்கும் ஒரு தபாதான். என்துத்தயும் சேத்து எடுத்துக் குடுங்க."

நாட்டார் நைனாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு பிறை போட்ட குண்டைப் பானைக்குள்ளேயே போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, அடுத்த ஐப்பசிக்கு என்று கோயிலுக்குள் எடுத்துக்கொண்டு போனார். நைனாவின் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து ஆர்பர்ப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் மாமாவைப் பற்றி எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்திருக்கும். அன்று சாயங்காலமே அவர் மாசிலாமணி வீட்டுக்குப் போனார். மாசிலாமணிக்குச் சேற்றில் இறங்குவதென்றாலே ஆகாது, கழி வாங்கவும் வலை வாங்கவும் அவனிடம் ஒன்றும் இல்லை. மாமாவிடம் கழி இருந்தது, வலை இருந்தது, ஆள் இருந்தது. விழுகிற இறாலில் ஒரு பங்கு மாசிலாமணிக்கு, அவன் வந்து நிற்கக்கூட வேண்டாம் என்று பேசி, முதல் பாட்டை அந்த வருஷத்துக்கு வாங்கிக்கொண்டார். மாசிலாமணி அதிலிருந்து இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டிருக்கிறான்.

அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "காலையில நாயம் பேசின வாயி, சாயங்காலம் மொதப் பாடு பேசுதா" என்று அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டே விட்டாள்.

மாமா கொஞ்சமும் தயங்காமல், "நாயம் பானைக்கு. வலை சும்மா கெடந்தா செல்லு அரிச்சுடும், அங்காளம்மா" என்றார். இரண்டையும் அவர் மனதாரத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே மறுநாள் காலையில் முதல் பாட்டில் வலை கட்டியது அதே இரண்டு பேர்தான். அந்தப் பக்கம் மாமா, இந்தப் பக்கம் நைனா. நான் கூடையோடு கரைச் சேற்றில் நின்றேன். முதல் வலையிலேயே இறால் நிறைய. நைனா இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து வந்து கூடையில் கொட்டினார். நேற்றிலிருந்து கேட்க நினைத்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"நைனா, நான் உன்கிட்ட சொல்லாமலே இருந்திருந்தா?"

"சொல்லாம இருந்திருந்தா மண்ணு போட்டிருப்பேன்."

"சொன்னப்பறம், நீ அவங்ககிட்ட சொல்லாம இருந்திருந்தா?"

அவர் கூடையின் விளிம்பில் ஏறிய நண்டைச் சுண்டிவிட்டார். "ஈயம் வந்திருக்கும். நாலு வருசத்துல ஓடு போட்டிருப்பேன். அப்பால நானும் எவன் தோளையாச்சும் தட்டி, பாடுபட்டேன், பாடுபட்டேன்னு சொல்லிக்கினு திரிஞ்சிருப்பேன். அதுல பொய்யும் இருந்திருக்காது. அதான் பயமாப் போச்சு."

"வருத்தமா கீதா நைனா?"

"ஓட்டை நெனச்சா கீது" என்றார். கூரை ஒழுகுகிற பக்கத்தை அன்றாவது மாற்றிக் கட்டலாமா என்று யோசிப்பவர்போல் வானத்தைப் பார்த்தார்.

எதிர்ப்பக்கத்தில் மாமா கழியை அடித்துக்கொண்டிருந்தார். அன்று விடியும்போதே, எங்களுக்கு முன்னால், தனியாக வந்து தண்ணீரில் இறங்கியிருந்தார். வழக்கமாக ஆட்கள் சுமக்கிற கழிகளை அவரே சுமந்து வந்திருந்தார். உள்ளங்கை உரிந்து துணி சுற்றியிருந்தது. குப்பத்துப் பெண்கள் கூடையோடு கரையில் வந்து நிற்கத் தொடங்கியதைப் பார்த்ததும், இன்னும் ஓங்கி ஓங்கி அடித்தார். கழி எப்போதோ இறுகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர்தான் தெறித்தது.

"போதும் மச்சான், நட்டாச்சு" என்று நைனா குரல் கொடுத்தார்.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் நிற்பவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி ஓங்கினார்.